புலிக்கு மருந்து விற்றவன் யார்?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தை நோட்டீசில் பார்த்ததும் இவ்வூர்த் தோழர் ஒருவர் என்னிடம் வந்து, "ஏன் ஐயா, உங்களுக்குப் பேச வேறு சங்கதியே அகப்படவில்லையா? கூண்டில் கிடக்கும் புலியின் மலத்தில் என்ன கிருமி இருந்தால் நமக்கென்ன? விலைவாசியைப் பற்றிப் பேசினாலும் நாலு பேர் உட்கார்ந்து கேட்பார்களே" என்று சொன்னார். அவர் இங்கேதான் முன்வரிசையில் இருக்கிறார். அவர் சொன்னதை நான் தப்பென்று சொல்ல வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் வேறு யாராவது இந்த மேடையில் நின்று இதைப் பேசியிருந்தால், நானும் மெதுவாக எழுந்து வெற்றிலை போடப் போயிருப்பேன். பிறகு ஏன் இதைப் பிடித்துக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் அவமானமும் உண்டு. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

என் இடது காலில் ஒரு ஆணி ஏறிற்று. எங்கள் தெருக்கோடியிலிருக்கும் மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் காலைப் பார்த்தாரோ இல்லையோ, ஒரு அட்டையிலிருந்து நாலு கேப்ஸ்யூலைக் கத்தரித்துக் கையில் கொடுத்தார். இரண்டைத் தின்றேன், வலி குறைந்தது, மீதி இரண்டை அலமாரியில் போட்டேன். இது எனக்குப் புதிதல்ல. ஜலதோஷமென்றாலும் அந்தக் கடைதான், தொண்டைக்கட்டு என்றாலும் அந்தக் கடைதான். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். பதினைந்தாவது நாள் கால் வீங்கிச் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீழை எடுத்துக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாவது நாள் ஒரு காகிதம் வந்தது. அதில் பன்னிரண்டு மருந்தின் பெயர். எட்டின் எதிரே 'ஆர்' என்ற எழுத்து. 'ஆர்' என்றால் ரெஸிஸ்டன்ட், அதாவது என் காலிலிருக்கும் கிருமி அந்த மருந்துக்கு மசியாது என்று அர்த்தம்.

அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். "இதுவரை என்னென்ன மருந்து சாப்பிட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றின் பெயர்கூடத் தெரியவில்லை. "சிவப்பும் கறுப்புமாக ஒன்று, மஞ்சளாக ஒன்று" என்றேன். அந்தம்மாள் சிரிக்காமலிருக்க மிகவும் கஷ்டப்பட்டார்.

தோழர்களே! மந்திரித்த கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு வருகிறவனைப் பிடித்து நிறுத்தி, "இதை ஏன் கட்டினாய்? இதற்குள் என்ன இருக்கிறது? இது எப்படி வேலை செய்கிறது? யார் சொன்னார்கள்?" என்று இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டு வருகிறவன் நான். அப்படிப்பட்டவன், கடைக்காரர் கொடுத்ததை அதன் பெயரைக்கூடக் கேட்காமல் திருநீறு வாயில் போட்டுக்கொள்வதுபோல் போட்டுக்கொண்டிருந்தேன் என்றால், கயிறு கட்டினவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசமென்று நீங்களே சொல்லுங்கள். கயிறாவது அவன் ஒருவனோடு போயிற்று.

"நான் கண்டபடி மருந்து தின்றதால்தான் இந்தக் கிருமி வந்ததா?" என்று கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வேறொருவர் உடம்பில் உண்டாகி உங்களிடம் வந்திருக்கலாம். மாத்திரையே தின்னாதவர்களிடமும் இருக்கிறது. கூண்டிலிருக்கிற காட்டு மிருகத்திடம்கூட இருக்கிறது" என்று அவர் சொன்னார். இந்தக் கடைசி வார்த்தைதான் என் மனதில் தைத்தது. நாம் மருந்தைக் கண்டபடி தின்றோம், நமக்கு வந்தது, அது நியாயம். காட்டில் பிறந்த ஜாதி மிருகம் எந்தக் கடையில் போய் மாத்திரை வாங்கிற்று? அதைத் தேடிப் படித்ததைத்தான் இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

ஜப்பான் தேசத்தில் ஹிரோஷிமா பிரதேசத்தில் ஆஸா என்ற மிருகக்காட்சிசாலை இருக்கிறது. அங்குள்ள பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன ஆகியவைகளிடமிருந்து விஞ்ஞானிகள் 232 கிருமி மாதிரிகளைப் பிரித்தெடுத்துப் பரிசோதித்து, 2007-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 49, அதாவது நூற்றுக்கு இருபத்தொன்று, ஒரு மருந்துக்கல்ல, பல மருந்துகளுக்கு மசியாதவையாக இருந்தன. மனிதர்களின் ஆஸ்பத்திரியில் எந்தெந்த எதிர்ப்புக் கூறுகளைக் கண்டு டாக்டர்கள் பயப்படுகிறார்களோ, அதே வகைக் கூறுகள் அங்கேயும் அகப்பட்டன.

இதைக் கேட்டவுடன் ஒருவர் ஆட்சேபிக்கலாம். "அது பிறவியிலேயே இருக்கிற குணமாக இருக்கலாமே, மனிதன் தலையில் ஏன் பழியைப் போடுகிறீர்?" என்று. நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போனால் நானும் ஒரு புராணப் பிரசங்கியாகிவிடுவேன்.

மருந்தை எதிர்க்கும் சக்தி மனிதன் உண்டாக்கியதல்ல என்பது உண்மைதான். கனடா தேசத்தில் 30,000 வருஷமாக உறைந்து கிடந்த மண்ணில் இந்த எதிர்ப்புக் கூறுகளைக் கண்டு 2011-ல் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் லெச்சுகியா என்ற குகை, மேல் உலகத்தோடு தொடர்பில்லாமல் 40 லட்சம் வருஷமாக இருந்தது. அதன் உள்ளேயிருந்த கிருமிகளிலும் பல மருந்துகளை எதிர்ப்பவை இருந்தன என்று 2012-ல் அறிவித்தார்கள். ஏனென்றால் பெனிசிலினே ஒரு பூஞ்சைக் காளான் தன் ஜீவனத்துக்காகச் செய்கிற சரக்கு. 1928-ல் லண்டனில் அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் அதைக் கண்டுபிடித்தார். காளானும் கிருமியும் மண்ணுக்குள் மனிதன் பிறப்பதற்கு முன்பிருந்தே சண்டை போட்டு வருகின்றன. ஒன்று விஷம் வைத்தால் மற்றொன்று அதற்கு மாற்று வைக்கும்.

அப்படியானால் மனிதன் செய்ததென்ன? விவசாயம் செய்கிறவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். நெல் வயலில் களையெடுக்கிறீர்கள். நெல்லைப் போலவே தோற்றமுள்ள புல் ஒன்று இருக்கிறதல்லவா? மற்றக் களையெல்லாம் கண்ணில் பட்டுப் போய்விடும். அது மாத்திரம் நெல்லென்று ஏமாந்து விடப்படும். அது விதை சிந்தும். வருஷா வருஷம் களையெடுக்க எடுக்க, வயலில் மிஞ்சுவது அதுவாகவே இருக்கும். களையெடுத்தவள் அந்தப் புல்லை உண்டாக்கவில்லை. ஆனால் அதற்கு இடம் காலி பண்ணிக் கொடுத்தவள் அவள்தான். வயிற்றிலே கோடானு கோடி கிருமிகள் இருக்கின்றன. சில வகை, நல்ல தீனி கிடைத்தால் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் இரண்டாகப் பிளக்கும். இவ்வளவு வேகமாகப் பிரதி எடுக்கும்போது எழுத்துப் பிழை வராமலிருக்குமா? அந்தப் பிழையால் ஒன்றிரண்டு, மருந்துக்குத் தப்பும் குணத்தோடு பிறந்துவிடும். மருந்து வந்து மற்றவற்றைக் கொன்றதும் வயிறு முழுவதும் அவைகளுக்குப் பட்டா.

இதை வெறும் யுக்தியென்று நினைக்கவேண்டாம். லெடர்பர்க் என்ற தம்பதிகள், ஜோஷுவாவும் எஸ்தரும், அமெரிக்காவில் ஒரு பரிக்ஷை செய்து 1952-ல் வெளியிட்டார்கள். அதற்கு வேண்டிய முக்கியமான சாமான் ஒரு துண்டு வெல்வெட்டுத் துணி. ஒரு தட்டில் கிருமிகளைப் புள்ளி புள்ளியாக வளர்த்தார்கள். அதன் மேல் வெல்வெட்டை அமுக்கி, ரப்பர் முத்திரை குத்துவதுபோல், மருந்து கலந்த வேறு தட்டுகளின் மேல் அதே ஒழுங்கில் குத்தினார்கள். மருந்துத் தட்டுகளில் அநேகமாக எல்லாம் செத்தன. சில இடத்தில் மாத்திரம் முளைத்தது. எல்லாத் தட்டுகளிலும் அதே இடம்! பிறகு மருந்தையே கண்டிராத முதல் தட்டுக்குப் போய் அந்த இடத்துக் கிருமிகளை எடுத்துப் பார்த்து, மருந்துக்குத் தப்புகிறவை அங்கே முன்பே இருந்தன என்று காட்டினார்கள். ஆகவே "உடம்புக்கு மருந்து பழகிப் போய்விட்டது" என்று நாம் சொல்லுகிறோமே, அது சுத்தத் தப்பு. உடம்புக்கு எதுவும் பழகவில்லை. தப்பினவன் குடும்பம் பெருகிற்று, அவ்வளவுதான். 2016-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் இரண்டடி அகலம் நாலடி நீளமுள்ள ஒரு பெரிய தட்டில் படிப்படியாக மருந்தை ஏற்றி வைத்துக் கிருமிகளை ஓரத்தில் விட்டார்கள். சாதாரணமாகக் கொல்லும் அளவைப் போல ஆயிரம் மடங்கு மருந்துள்ள நடு இடத்துக்குப் பதினோரு நாளில் அவை போய்ச் சேர்ந்தன.

இன்னும் ஒரு விஷயம். கிருமி தன் எதிர்ப்பைத் தன் பிள்ளைக்கு மாத்திரம் வைத்துவிட்டுப் போவதில்லை. பக்கத்திலிருக்கும் வேறு ஜாதிக் கிருமிக்கும் கொடுக்கும். ஒரு பூட்டுக்குச் சாவி செய்தவன் அதைப் பிரதி எடுத்து ஊருக்கெல்லாம் கொடுப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் சீதபேதிக் கிருமியை ஆராய்ந்தவர்கள் 1950-களின் கடைசியில் இதைக் கண்டார்கள். நம்மிலே பக்கத்து ஜாதிக்காரனுக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டேனென்றவர்கள் உண்டு. கிருமிகளுக்கு அந்த வியாதி கிடையாது.

சரி, மனிதன் கைதான் காரணமென்று எப்படி நிச்சயிப்பது? மனிதன் இருக்கிற இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பசிபிக் சமுத்திரத்தில் காலாபகஸ் தீவுகளில் ஸான்டா ஃபே என்று ஒன்று. அங்கே மனிதக் குடியில்லை. பெரிய ஓந்திகள் வாழ்கின்றன. அவற்றின் வயிற்றுக் கிருமிகளைச் சோதித்தபோது, மனிதன் பழக்கத்தால் சேரும் எதிர்ப்பு காணப்படவில்லை என்று 2010-ல் எழுதினார்கள். இனிக் கென்யா தேசத்தில் அம்போசெலி என்ற இடம். பபூன் என்னும் குரங்குக் கூட்டங்கள். சில கூட்டங்கள் காட்டில் கிடைப்பதைத் தின்று வாழ்ந்தன. ஒரு கூட்டம் மட்டும் மனிதர்கள் கொட்டும் குப்பையில் தினம் மேய்ந்தது. ஒரே ஜாதிக் குரங்கு, ஒரே நாடு, ஒரே வெயில். குப்பை தின்ற கூட்டத்தின் வயிற்றில்தான் மருந்துக்கு மசியாத கிருமி அதிகமாக இருந்தது. இது 1985-ல் வெளியான ஆராய்ச்சி. அந்தக் குரங்குகளுக்கு யாரும் ஊசி போடவில்லை, தோழர்களே! நம் எச்சில் போதுமானதாயிருந்தது.

குப்பை தின்ற குரங்குக்கே இப்படியென்றால், காலை முதல் இரவு வரை மனிதன் கையிலேயே வாழும் கூண்டு மிருகத்தின் கதி என்ன? அதற்குக் காய்ச்சல் வந்தால் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்க முடியாது. காட்டு மிருகம் நோயை மறைத்துக்கொள்ளும். நோயாளி என்று தெரிந்தால் காட்டில் உயிர் தங்காது என்பதால் வந்த குணம் அது. ஆகையால் வைத்தியர் பார்க்கும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். கரடியை எடை போட்டா மருந்து கொடுக்க முடிகிறது? உத்தேசமாகக் கணக்குப் போட்டு வாழைப்பழத்துக்குள் வைத்தால், பழத்தைத் தின்று மாத்திரையைத் துப்பிவிடும். பாதி மருந்து உள்ளே போகும், பாதி தரையில் கிடக்கும். நான் இரண்டு கேப்ஸ்யூலை அலமாரியில் போட்ட மாதிரிதான். இதற்காக அங்குள்ள மிருக வைத்தியர்களை நான் குறை சொல்லவில்லை. சிங்கத்துக்கு வைத்தியம் பார்க்கிறவனுக்குள்ள கஷ்டம் மேடையில் பேசுகிறவனுக்குத் தெரியாது.

மருந்தே கொடுக்காவிட்டாலும் கிருமி வரும். பச்சை மாமிசம் போடுகிறார்கள். அந்த ஆடு மாடு கோழி எப்படி வளர்ந்தன? சீக்கிரம் கொழுக்க வேண்டுமென்று நோயில்லாத பிராணிக்கும் தீனியோடு இந்த மருந்துகளைக் கலந்து கொடுக்கிற வழக்கம் அமெரிக்காவில் 1950-ஐ ஒட்டித் தொடங்கிப் பல தேசங்களுக்குப் பரவிற்று. இங்கிலாந்தில் ஒரு கமிட்டி 1969-லேயே இதை எச்சரித்தது. ஐரோப்பிய யூனியன் 2006-ல்தான் கொழுப்பதற்காகக் கொடுப்பதை முழுவதும் தடுத்தது. கொலிஸ்டின் என்று ஒரு மருந்து. வேறெதுவும் பலிக்காதபோது டாக்டர்கள் கடைசியாக எடுக்கிற ஆயுதங்களில் ஒன்று. சீனாவில் பன்றிகளிடம் அதையும் வெல்லக்கூடிய, கிருமிக்குக் கிருமி கைமாறும் சாவி ஒன்று கிளம்பியிருப்பதாக 2015-ல் தெரிந்தது. நம் இந்தியாவில் உணவுக்கான பிராணிகளுக்கு அதை விற்கக்கூடாதென்று 2019-ல் உத்தரவு போட்டார்கள்.

இனி, கூண்டுக்குள் போனது திரும்பி வருமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஸான்டியேகோ பட்டணத்தில் ஒரு மிருகக்காட்சிசாலை. 2008 ஜனவரியில் அங்கே ஒரு ஆப்பிரிக்க யானைக்குட்டி. அதை மனிதர்களே கையால் பராமரித்தார்கள். அதற்குத் தோலில் கொப்புளம் கண்டது. கொஞ்ச நாளில் பார்த்துக்கொண்ட ஆட்களுக்கும் கொப்புளம். சோதித்தால், மெதிசிலின் முதலிய மருந்துகளுக்கு மசியாத சீழ்க் கிருமி. ஐந்து பேருக்கு நிச்சயமாகவும், பதினைந்து பேருக்குச் சந்தேகமாகவும், ஆக இருபது பேருக்குக் கணக்கெழுதினார்கள். யானையிடமிருந்து மனிதனுக்கு அந்தக் கிருமி வந்ததாக எழுதப்பட்ட முதல் சம்பவம் அதுதான். அப்படியானால் யானைக்குட்டிதான் குற்றவாளியா? விசாரணையில் என்ன தெரிந்ததென்றால், பராமரித்த ஆட்களில் ஒருவரிடம் அந்தக் கிருமி நோயில்லாமலே குடியிருந்தது. குட்டிக்கு அவரிடமிருந்தே போயிருக்கவேண்டும் என்பது. மனிதன் குட்டிக்குக் கொடுத்தான். குட்டி இருபது பேருக்குத் திருப்பிக் கொடுத்தது. வட்டியோடு!

யானை என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் ஒரு பண்ணையில் 1994-க்கும் 1996-க்கும் இடையில் மூன்று யானைகள் காசநோயால் செத்தன. நாலாவதற்கும் நோய் கண்டது. அங்கே வேலை செய்த இருபத்திரண்டு பேரைச் சோதித்ததில் பதினோரு பேருக்குக் கிருமி தீண்டிய அடையாளம் இருந்தது. ஒருவருக்கு நோயே இருந்தது. யானைகளிடமும் அவரிடமும் இருந்தது ஒரே வம்சத்துக் கிருமி. இது அடிப்படையில் மனிதனுடைய காசநோய்க் கிருமி. யானை நமக்குக் கொடுப்பதற்கு முன் நாம்தான் யானைக்குக் கொடுத்திருக்கிறோம். தென்னிந்தியாவிலும் வளர்ப்பு யானைகள் 600-ன் இரத்தத்தைச் சோதித்து, இந்த நோயின் அடையாளம் அவற்றில் இருப்பதாக 2012-ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

யானைக்குக் காசநோய் உண்டா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? உப்புத் தண்ணீரைத் துதிக்கைக்குள் ஊற்றித் தூக்கிப் பிடித்து, அது திரும்ப ஊதுவதைப் பையில் பிடித்துச் சோதிக்கிறார்கள். அதாவது கிருமி வெளியே வருகிற வழி துதிக்கை. நாம் காசு கொடுத்து, அந்தத் துதிக்கையைக் குழந்தையின் தலைமேல் வைக்கச் சொல்லுகிறோம். பக்தர்களைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. யானையையும் நினைத்துப் பாருங்கள். தினம் எத்தனை பேர் இருமிக்கொண்டு அதன் மூக்கில் காசை வைக்கிறார்கள்! ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு. அந்த நோய்க்கு மாதக்கணக்கில் மருந்து கொடுக்கவேண்டும். மனிதனே நடுவில் விட்டுவிடுகிறான். ஆயிரக்கணக்கான கிலோ எடையுள்ள பிராணிக்குக் கசப்பு மருந்தைத் தினம் எப்படிக் கொடுப்பது? வாயால் வாங்க மறுத்த யானைகளுக்கு ஆசனவழியாகக் கொடுத்திருக்கிறார்கள். இதில் அரைகுறையாக விட்டால் மருந்துக்கு மசியாத காசநோய்க் கிருமியை நாமே வளர்த்தவர்களாவோம்.

"அப்படியானால் இங்கிலீஷ் மருந்தே வேண்டாம், பச்சிலையும் மந்திரிப்பும் போதும் என்கிறீரா?" என்று யாராவது நாளைக்குக் கிளப்பி விடுவார்கள், இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். பெனிசிலினுக்கு முன் ஒரு முள் கீறலில் செத்தவர்கள், பிரசவ ஜுரத்தில் செத்த தாய்மார்கள் எத்தனையோ பேர். உலகத்தில் மனிதன் கண்ட பெரிய காரியங்களில் இது ஒன்று. அதனால்தான் பாழாகக்கூடாது என்கிறேன். ஃப்ளெமிங் 1945-ல் நோபல் பரிசு வாங்கின பேச்சிலேயே இதை ஒரு கதையாகச் சொன்னார். ஒருவன் தொண்டைவலிக்குத் தானே பெனிசிலின் வாங்கிக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறான், கிருமி சாகாமல் எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது, அது மனைவிக்குத் தொற்றுகிறது, அவளுக்குப் பெனிசிலின் பலிக்கவில்லை, அவள் சாகிறாள். 2019-ம் வருஷத்தில் மாத்திரம் மருந்துக்கு மசியாத கிருமிகளால் நேரடியாகச் செத்தவர்கள் உலகத்தில் பன்னிரண்டு லட்சத்து எழுபதினாயிரம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த மனைவியின் கதை இவ்வளவு பெரிதாகிவிட்டது.

மிருகக்காட்சிசாலைகளில் செய்யக்கூடியது என்னவென்று அந்தத் துறையிலிருப்பவர்களே எழுதியிருக்கிறார்கள். மருந்து கொடுக்குமுன் கல்ச்சர் பார்ப்பது. நோய் கண்டதைத் தனியே வைப்பது. ஒரு கூண்டிலிருந்து மறு கூண்டுக்குப் போகுமுன் கை கழுவுவது. பச்சை மாமிசத்தை ஜாக்கிரதையாகக் கையாளுவது. சாணத்தையும் கழிவு நீரையும் அப்படியே வெளியே விடாமலிருப்பது. கம்பி புலியைத்தான் நிறுத்தும். காக்கையையும் எலியையும் சாக்கடையையும் நிறுத்தாது. இதற்கெல்லாம் பணமும் ஆளும் வேண்டும். ஒரு ராஜாளியின் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது மூன்று நாள் சோதனைக்குக் காத்திரு என்று நான் சொல்ல மாட்டேன். அப்போது வைத்தியர் ஊகித்துத்தான் கொடுக்கவேண்டும். சோதனை வந்ததும் மாற்றிக்கொள்ளட்டும்.

நம் வீட்டுக்கு வருவோம். சாதாரண ஜலதோஷத்துக்கு இந்த மருந்துகளால் ஒரு பயனுமில்லை. அது வைரஸால் வருவது, இவை வைரஸைத் தொடவே மாட்டா. ஆனாலும் ஜலதோஷத்துக்குத்தான் நாம் அதிகம் வாங்குகிறோம். ஏழு நாளில் தானாகப் போவது, மருந்து தின்றதால் போயிற்று என்று நினைக்கிறோம். நேர்த்திக்கடன் வைத்தவனும் இப்படித்தானே நினைக்கிறான்? முக்கியமான சில மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்ததை ரிஜிஸ்தரில் எழுதவேண்டும் என்று 2014 முதல் சட்டம் இருக்கிறது. அது எந்தக் கடையில் எப்படி நடக்கிறதென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மாடு வைத்திருப்பவர்கள் மடிநோய்க்கு ஊசி போட்டால், எத்தனை நாள் பாலை விற்கக் கூடாதென்று கால்நடை வைத்தியரைக் கேட்டு, அத்தனை நாளும் கீழே கொட்டுங்கள். நஷ்டம்தான். எனக்குத் தெரியும்.

என் கால் மூன்று வாரம் ஊசி போட்டு ஆறிற்று. 'ஆர்' போடாத நாலு மருந்தில் ஒன்று பலித்தது. அந்த நாலும் இல்லாமலிருந்தால் இன்று இந்த மேடையில் வேறு யாரோ பேசிக்கொண்டிருப்பார். அந்தக் கல்ச்சர் காகிதத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசைத் தோழரிடம் கொடுக்கிறேன், அவர் பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்பட்டும். படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்திலிருப்பவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். என்னிடம் அது ஒரு பிரதிதான் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.